முதல் நிலைப் பால் பவுடர், 400 கிராம் பெட்டி: எந்த முத்திரையை எதற்காக நம்புவது?

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் எடுத்துத் தருகிற முதல் நிலைப் பால் பவுடரை, அதாவது பிறந்தது முதல் ஆறு மாதம் வரை என்று அச்சிட்டு விற்கிற 400 கிராம் பெட்டியை, இங்கே மதிப்பிடுகிறோம். எந்த பிராண்டு முதலிடம், எது இரண்டாமிடம் என்ற வரிசை இதில் இருக்காது. 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுணவுச் சட்டம் இந்தப் பொருளுக்கு விளம்பரமே கூடாது என்கிறது. அந்தச் சட்டம் சரியானது என்பது எங்கள் கருத்து. அதுவும் போக, புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, ஒவ்வொரு விட்டமினும் இந்த அளவிலிருந்து இந்த அளவுக்குள் என்று விதி வரையறுத்துவிட்டதால், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் விலையில் தெரிகிற அளவுக்குப் பெரிதல்ல.

பெற்றோருக்கு வருகிற பயம் வேறு. பெட்டியில் அச்சிடாத ஏதோ ஒன்று உள்ளே இருக்குமோ, இருந்தால் அரசுத் தரப்பில் யாராவது பார்த்திருப்பார்களோ என்கிற பயம். அது வீண் பயமல்ல. ஆனால் அதில் பாதி தவறான இடத்தில் போய் நிற்கிறது.

தொடங்கும் முன் ஒன்று. தாய்ப்பால் கொடுக்க முடிகிற வீட்டில் இந்தப் பெட்டிக்கு வேலையில்லை. குறைமாதக் குழந்தை என்றால் அரசு மருத்துவமனைகளின் தாய்ப்பால் வங்கியை முதலில் விசாரிக்க வேண்டும். அதற்கும் வழியில்லாமல், மருத்துவர் சொல்லி, பவுடர் வாங்குகிற தாய் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். அவருக்குச் சரியான தகவல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியின் மேல் என்ன இருக்கிறது

‘தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது’ என்ற அறிவிப்பு, தயாரிக்கும் முறை, தவறாகத் தயாரித்தால் வரும் ஆபத்து பற்றிய எச்சரிக்கை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி. இவை சட்டப்படி இருந்தே ஆக வேண்டியவை. குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக் கூடாது. ‘தாய்ப்பாலுக்கு நிகரானது’ என்ற தொனியில் எந்த வார்த்தையும் கூடாது. கொழுகொழுக் குழந்தை சிரிக்கிற படத்தோடு ஒரு முதல் நிலைப் பெட்டி கைக்கு வந்தால் அது இந்தியச் சந்தைக்கு முறையாக வந்த சரக்கல்ல. வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொண்டுவந்ததாகவோ, இணையத்தில் யாரோ தனியாக விற்பதாகவோ இருக்கலாம். அதில் பிரச்சினை வந்தால் திரும்பப் பெறும் அறிவிப்பு இந்தக் கடைக்கு வராது. அதற்காகவே அதைத் தவிர்க்கச் சொல்கிறோம்.

அடுத்து எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் உரிம எண், 14 இலக்கம். மத்திய உரிமமானால் 100 என்று தொடங்கும். இதை அந்த ஆணையத்தின் உரிமத் தளமான ஃபோஸ்கோஸில் போட்டால் உரிமம் யார் பெயரில், எந்த ஆலைக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். ஒரு நிமிட வேலை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் மேல் ஐ.எஸ். 14433 என்று குழந்தைப் பால் மாற்றுணவுக்கான தரநிர்ணய எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்கும். முத்திரையைத் தரும் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். இந்த இரண்டு தேடல் சேவைகளும் நன்றாக இருக்கின்றன, பணம் கேட்பதில்லை.

ஆனால் இவை சொல்வது என்ன? இந்த ஆலைக்கு உரிமம் இருக்கிறது, இந்தத் தரநிர்ணயத்தின்படி தயாரிக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அவ்வளவே. கையில் உள்ள பேட்சைச் சோதித்தார்கள் என்று எந்த முத்திரையும் சொல்லவில்லை. சோதித்திருந்தாலும், எதைத் தேடிச் சோதித்தார்களோ அது மட்டுமே தெரியவரும். 2008இல் சீனாவில் நடந்தது இதற்குக் கொடுமையான சான்று.

மெலமைன்: தவறான கேள்விக்கு வந்த சரியான விடை

பாலில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து, அதை 6.38ஆல் பெருக்கி, இதுதான் புரதம் என்று எழுதுவார்கள். பால் மட்டும் இருக்கிற வரை கணக்கு சரி. மெலமைன் என்பது பிளாஸ்டிக் தட்டு, பிசின் செய்யப் பயன்படும் வெள்ளைத் தூள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன் போட்டால் கருவி நாலேகால் கிராம் புரதம் என்று காட்டும். லிட்டருக்கு 30 கிராம் புரதம் உள்ள பாலில் நூறு மில்லி தண்ணீரை ஊற்றி, இறங்கிய அளவை மறைக்க லிட்டருக்கு முக்கால் கிராம்கூடத் தேவையில்லை. பால் சேகரிப்பு நிலையங்களில் இதைத்தான் செய்தார்கள்.

ஹெபெய் மாகாணத்தின் ஷிஜியாஜுவாங் நகரில் இருந்த சான்லு நிறுவனத்தின் பவுடரில் கிலோவுக்கு 2,563 மில்லிகிராம் வரை மெலமைன் இருந்தது. இதைக் குழந்தையின் வயிற்றுக் கணக்கில் பார்க்க வேண்டும். பவுடர் பாலை மட்டுமே குடிக்கும் ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 100 கிராம் பவுடர் போகும். அப்படியானால் 256 மில்லிகிராம் மெலமைன். உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் வகுத்த தாங்கு அளவு (ஒரு நாளில் உடல் தாங்கக்கூடியது), உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், இந்தக் குழந்தைக்கு ஒரு மில்லிகிராம். இருநூற்றைம்பது மடங்கு. கைக்குழந்தைகளின் சிறுநீரில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதால், மெலமைன் அதோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

சான்லு அப்போது அரசின் ‘சோதனை விலக்கு’ பெற்ற நிறுவனம். தொடர்ந்து தரமாக இருக்கிறது என்று சொல்லி, வழக்கமான அரசுச் சோதனையிலிருந்தே விடுவித்திருந்தார்கள். புகார்கள் 2007 டிசம்பரிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் நிறுவனத்துக்கே உறுதியாகத் தெரிந்துவிட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்து முடிந்து, செப்டம்பர் 11ஆம் தேதிதான் நாட்டு மக்களுக்குத் தெரிந்தது. பவுடரைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மார்களிடமிருந்து அந்த வாரங்களைத் திருடினார்கள். அதை இன்றும் மன்னிக்க முடியவில்லை. பிறகு சோதனை விலக்கு முறையே ஒழிக்கப்பட்டது. 22 நிறுவனங்களின் பவுடரில் மெலமைன் இருந்தது தெரியவந்தது. சீனப் பெற்றோர் ஹாங்காங்கில் டின் டின்னாக வாங்கத் தொடங்கி, 2013 மார்ச்சில் எல்லை தாண்டும் ஒருவருக்கு 1.8 கிலோ, அதாவது இரண்டு டின்தான் என்று ஹாங்காங் கட்டுப்பாடு போட்டது. ஒழுங்குமுறை அமைப்பின் மேல் நம்பிக்கை போனால் சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு அந்த இரண்டு டின்னே அளவு.

இன்று மெலமைன் பற்றி இந்தியப் பெட்டியில் பயப்பட வேண்டுமா? எங்கள் மதிப்பீட்டில், இருக்கிற பயங்களில் இது கடைசி வரிசை. சீனப் பால் பொருட்களின் இறக்குமதிக்கு 2008 செப்டம்பரிலேயே தடை வந்தது. பவுடரில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற உச்சவரம்பு பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸிலும் உண்டு, இங்கும் உண்டு. அந்த வரம்பிலேயே இருந்தாலும் மேலே சொன்ன குழந்தைக்குப் போவது தாங்கு அளவில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது ஆய்வகங்களுக்குத் தெரியும்.

காரீயம்: அலகைப் பார்க்காமல் பயப்பட வேண்டாம்

முதலில் சொல் குழப்பம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம், மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற உலோகம். இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. முடிந்தவரை குறைப்பதே வழி.

கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 2014இல் 0.02இலிருந்து பாதியாகக் குறைத்தார்கள். ஆனால் அது கரைத்து, குடிக்கத் தயாரான பாலுக்கான எண். நூறு மில்லி தயாரான பாலில் இருக்கும் பவுடர் 13 கிராம் சொச்சம். ஆகவே பவுடரில் அளந்த எண்ணை ஏழரையால் வகுத்த பிறகே இந்த வரம்போடு ஒப்பிட வேண்டும். வாட்ஸப்பில் சுற்றும் பரிசோதனை அறிக்கைகளில் பாதிக் கலவரம் இந்த ஒரு வகுத்தலைச் செய்யாததால் வருகிறது. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 41 பவுடர்களை காரீயம், ஆர்சனிக் உள்ளிட்ட பலவற்றுக்காகச் சோதித்து வெளியிட்டபோதும், செய்தியைப் பகிர்ந்தவர்கள் பலர் அலகைக் கவனிக்கவில்லை. அந்த நாட்களிலேயே அமெரிக்க அரசு ஃபார்முலா பாலை முழுதாக மறுபரிசீலனை செய்யும் திட்டத்தை அறிவித்தது. பெயர் சொல்லி, எண் சொல்லி வெளியிட்டால் அரசு அசைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இனி நம் வீட்டுக் கணக்கு. பவுடரில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் காரீயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிராம் பவுடரில் குழந்தைக்குப் போவது ஒரு மைக்ரோகிராம். அதே நாளில் குழந்தைக்குப் போகும் தண்ணீர் ஏறக்குறைய 675 மில்லி. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 அனுமதிக்கிற உச்சத்தில், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று, அந்தத் தண்ணீர் இருந்தால் அதிலிருந்து வருவது ஆறே முக்கால் மைக்ரோகிராம். பெட்டியை மாற்றி மாற்றி வாங்குகிற வீடு, தண்ணீரை ஒரு தடவை சோதித்துவிட்டால் அதைவிடப் பல மடங்கு பயன் உண்டு.

அஃப்லாடாக்சின் எம்1: பேசப்படாதது

தமிழ்நாட்டில் உண்மையாகக் கவலைப்பட வேண்டிய இடம் இது என்று நினைக்கிறோம். மாட்டுக்குப் போடும் கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு உருவாகிறது. அதில் ஒரு பகுதி மாட்டின் கல்லீரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் பவுடராக்கினாலும் அது அழியாது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பாலிலிருந்து மறைந்துவிடும். அதனால்தான் ஒரு பேட்சில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. மழைக்காலத்துப் பாலில் கூடும், கோடையில் குறையும். வருடத்துக்கு ஒரு தடவை மாதிரி எடுத்தால் இது வலையில் சிக்காது.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368இல் எம்1 அளவு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 551க்கு 88. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில் இது அதிகம். கலப்படம் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது, பாதுகாப்புக்கு ஆபத்தான கலப்படம் கிடைத்தது 12 மாதிரியில் மட்டும். மக்கள் தேடிய இடம் ஒன்று, பிரச்சினை இருந்த இடம் வேறு.

இவை பால் மாதிரிகள்; பால் பவுடர் அல்ல. ஆலைகள் தங்கள் கொள்முதல் பாலைச் சோதிக்கின்றன. ஆனாலும் மூலப்பொருள் இதே பால்தான். பாலுக்கான 0.5 கோடெக்ஸின் எண்ணும்கூட, இந்தியா மட்டும் தளர்த்திக்கொண்டதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் பாலுக்கு 0.05 என்றும், குடிக்கத் தயாரான குழந்தை ஃபார்முலாவுக்கு 0.025 என்றும் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்க விரும்புகிறவர்கள் ‘உங்கள் பவுடர் தூய்மையானதா’ என்று கேட்க வேண்டாம். ‘இந்த பேட்சின் அஃப்லாடாக்சின் எம்1, காரீயம் முடிவு என்ன, எந்த அலகில்’ என்று பேட்ச் எண்ணோடு கேளுங்கள். பதில் வருகிறதா, எப்படி வருகிறது என்பதே அந்த நிறுவனத்தைப் பற்றிய ஒரு மதிப்பீடு.

பாமாயில் பற்றியும் கேட்கிறார்கள். எண்ணெயை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி மணம் நீக்கும்போது கிளைசிடைல் எஸ்டர், 3-எம்.சி.பி.டி. எஸ்டர் என்ற சேர்மங்கள் உருவாகின்றன. ஐரோப்பா இவற்றுக்கும் பவுடரில் வரம்பு வைத்திருக்கிறது. இங்குள்ள பெற்றோர் செய்யக்கூடியது, பொருட்பட்டியலில் எண்ணெய்களின் பெயரைப் படிப்பது. அதற்கு மேல் இதில் தூக்கம் கெட வேண்டாம்.

தண்ணீர்

தயாரான பாலில் பெரும்பங்கு தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் நைட்ரேட், ஃபுளோரைடு இரண்டையும் சோதித்துவிட வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது.

கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். நைட்ரேட், ஃபுளோரைடு, காரீயம் மூன்றையும் அசைக்காது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கால் மணி நேரம் விட்டால் நீர் சுண்டி, இவை இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. நீர் இவற்றைக் குறைக்கும், ஆனால் கிருமியற்றதல்ல; அதையும் கொதிக்க வைக்க வேண்டும். கேன் தண்ணீரும் அப்படியே. காலையில் குழாயைத் திறந்ததும் வருகிற முதல் நீரைப் பிடிக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். இரவெல்லாம் பித்தளைக் குழாயிலும் பழைய பி.வி.சி. குழாயிலும் நின்ற நீரில்தான் காரீயம் கூடுதல். பூச்சுப் பூசிய பித்தளைப் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வர் போதும்.

கலக்கும் முறை

பெட்டியில் உள்ள வழிமுறையில் எங்களுக்குப் பெரிய மாறுபாடு ஒன்று உண்டு. பல பெட்டிகள் கொதித்த நீரை வெதுவெதுப்பாக ஆறவைத்துப் பவுடரைப் போடச் சொல்கின்றன. பால் பவுடர் கிருமி நீக்கிய பொருளல்ல. அதில் குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். குறைமாதக் குழந்தைக்கும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் அது மூளைக்காய்ச்சலை வரவழைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டுதல், நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைப் போடச் சொல்கிறது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து மூடி, அரை மணி நேரத்துக்குள் கலந்தால் அந்த வெப்பம் இருக்கும். கால் லிட்டர் மட்டும் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். இரவுக்கு ஃப்ளாஸ்க்கில் ஊற்றி வைக்கிற நீர் விடியற்காலையில் 70க்குக் கீழே போயிருக்கும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஒரு தடவை அளந்து பாருங்கள். சேர்த்திருக்கிற புரோபயாட்டிக், அதாவது நன்மை செய்யும் பாக்டீரியா, இந்தச் சூட்டில் செத்துவிடும் என்பது உண்மை. சின்னக் குழந்தைக்கு அந்த இழப்பு பரவாயில்லை.

முதலில் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும், பிறகு பவுடர். பெரும்பாலான இந்தியப் பெட்டிகளில் 30 மில்லிக்கு ஒரு ஸ்கூப். எடை நாலரை கிராம் சுமார். ஸ்கூப்பை அழுத்தி அடைக்காமல், குவிக்காமல், சுத்தமான கத்தி முதுகால் வழித்துவிட வேண்டும். சந்தேகமிருந்தால் பத்து ஸ்கூப் எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்து, பெட்டியில் போட்டிருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். குவித்துப் போட்டால் பால் கெட்டியாகி, உப்புச்சத்து ஏறி, குழந்தைக்கு நீரிழப்பு வரும். ஒரு பிராண்டின் ஸ்கூப்பை இன்னொரு பெட்டிக்குப் போடவே கூடாது.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம். பவுடர் பாலை மட்டுமே குடிக்கிற ஐந்து கிலோ குழந்தைக்கு 400 கிராம் பெட்டி நான்கு நாள்தான் வரும். இது சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்காத செலவு என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காகத் தண்ணீரைக் கூட்டி பத்து நாள் ஓட்டினால், குழந்தைக்குக் கிடைப்பது தேவையில் பாதிக்கும் குறைவு. இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தாய்ப்பாலை மீண்டும் சுரக்க வைக்க முயல்வது உட்பட வழிகள் உண்டு.

கலக்குவது எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ இருக்கட்டும். சூடான நீரை நேராகப் பாலிபுரப்பிலீன் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்குப் பல லட்சம் நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்கின்றன என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். ஆறவைத்த பிறகு ஊற்றினால் அது வெகுவாகக் குறையும். பாட்டிலே இல்லாமல் எவர்சில்வர் பாலாடையில் புகட்டினால் பிளாஸ்டிக்கும் இல்லை, நிப்பிளில் தங்கும் அழுக்கும் இல்லை. வெந்நீரில் போட்டு எடுத்தால் சுத்தம். பாட்டி காலத்துப் பழக்கம் என்று ஒதுக்கியதை மருத்துவர்களே திரும்ப எடுத்துத் தருகிறார்கள். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

புகார் சேவையும் பரிசோதனைச் சேவையும்

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் புகார்ச் சேவையான ஃபுட் சேஃப்டி கனெக்ட் வழியாகக் கொடுக்கும் புகார், மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நியமன அலுவலருக்குப் போகிறது. பெட்டியின் ஆறு பக்கப் படம், பேட்ச் எண், ரசீது, மிச்சமிருக்கும் பவுடர், திறக்காத இன்னொரு பெட்டி இருந்தால் அதுவும். இவை இல்லாத புகார் நகராது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் அதே பேட்சை எடுத்து நான்கு பங்காக முத்திரையிட வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன.

பலருக்குத் தெரியாத வழி, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. வாங்குகிற யாரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்று: சோதனைக்காக வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; அறிக்கை தானாகவே நியமன அலுவலருக்குப் போகும். தனியார் ஆய்வகத்தைவிட இதன் வலிமை அதுதான்.

தனியார் ஆய்வகம் என்றால் என்.ஏ.பி.எல். என்ற ஆய்வக அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது போதாது. குழந்தை உணவில் காரீயம் என்ற சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். பணம் கட்டும் முன் அளக்கக்கூடிய குறைந்த அளவு என்ன என்று கேளுங்கள். பவுடரில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே அளக்க முடியாத முறை என்றால், அந்த ஆய்வகத்தின் ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரிக்கு மதிப்பே இல்லை. கோடெக்ஸ் வரம்பு பவுடர் கணக்கில் 0.075தான். உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கிற ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி இருக்கும் இடத்தில் இது பிரச்சினை இல்லை. திறந்த பெட்டியைக் கொடுக்காதீர்கள். வீட்டு ஸ்கூப்பும் காற்றும் பட்ட பவுடர் யாரைப் பற்றியும் எதையும் நிரூபிக்காது.

இவ்வளவு நல்ல சட்டம் வைத்திருக்கும் அமைப்பிடம் எங்கள் குறை ஒன்றே. ஆண்டுதோறும் எத்தனை மாதிரி, எத்தனை தவறின, எத்தனை வழக்கு என்று மாநிலவாரி எண்ணிக்கை வருகிறது. இன்ன பேட்ச், இன்ன பொருளுக்காகச் சோதித்தோம், இவ்வளவு இருந்தது என்ற வரி பெற்றோர் கைக்கு வருவதில்லை. குழந்தைப் பாலுக்கு மட்டுமாவது அதை வெளியிட வேண்டும். முடிவு நன்றாக இருந்தாலும் வெளியிட வேண்டும். பார்த்தார்கள் என்று தெரிவதுதான் பயத்தைத் தணிக்கும்.

வெளியிடாத இடத்தில் வதந்தி புகுந்துவிடும். 2013 இதற்கு உதாரணம். நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களில், நைட்ரேட் நிலத்தடி நீரில் கசியாமல் இருக்க டி.சி.டி. என்ற பொருளைத் தெளித்தார்கள். அதன் தடயம் பாலில் இருப்பது அந்த ஆண்டு ஜனவரியில் வெளியானது. மெலமைனைப் போலவே அதிலும் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சேர்மங்களில் நெருங்கிய உறவு. கிடைத்த அளவு தீங்கு செய்யாதது என்றாலும், 2008ஐப் பார்த்த மக்களுக்கு அந்தச் சமாதானம் எட்டவில்லை. ஆகஸ்டில் இலங்கையில் நியூசிலாந்துப் பால்மா திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்றம் விற்பனையையே சில நாள் நிறுத்திவைத்தது. அதே மாதம் 3ஆம் தேதி, நியூசிலாந்துப் பால் நிறுவனமான ஃபொன்டேராவின் ஆலையில் தயாரான 38 டன் மோர்ப் புரதத்தில் போட்யூலிசம் என்ற கடுமையான உணவு நச்சு நோயைத் தரும் கிருமி என்று அறிவிப்பு வந்து பல நாடுகளில் குழந்தைப் பால் திரும்பியது. 28ஆம் தேதி, அது போட்யூலிசம் அல்ல, ஆபத்தில்லாத இன்னொரு கிருமி என்று உறுதியானது. முன்கூட்டியே எச்சரித்தது தவறல்ல. முதல் சோதனையின் விடை இறுதி விடை அல்ல என்பதை அப்போதே தெளிவாகச் சொல்லாததுதான் தவறு.

திரும்பப் பெறும் செய்தி வந்தால் பிராண்டின் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம்; பேட்ச் எண்ணைப் பாருங்கள். இதற்காகவே, உள்ளே இருக்கும் பையை டப்பாவில் கொட்டிய கையோடு அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கும் மடிப்பை வெட்டி, திறந்த தேதியை அதில் எழுதி, டப்பா மூடிக்குள் ஒட்டிவையுங்கள். எண் பொருந்தினால் பவுடரைக் கொட்டாமல் கட்டி வைத்துவிட்டு, மருத்துவரிடம் கேட்டு அதே நிலையில் வேறு பெட்டிக்கு மாறுங்கள். அந்த நேரத்தில் பசும்பாலையோ சத்துமாவுக் கஞ்சியையோ ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தொடங்க வேண்டாம். ரசீதோடு கடையில் கொடுத்தால் அவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.